ஏழாம் எண்: பழுது

செப்டம்பர் 1, திங்கள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்று சிலிண்டர் மாற்றினேன். போனது நாற்பத்து மூன்று நாள் வந்தது. விருந்தாள் வராத மாதம்.

பத்தரை மணிக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் கோமதி, ஜவுளிக்கடையில் வேலை. நம் சபைக்காரி இல்லை, யாரோ சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள். ஆலயத்துப் பக்கத்து அறையில் பெண்கள் சங்கம் வைத்திருக்கும் சக்கர நாற்காலி, வாக்கர், காற்றுமெத்தை எல்லாவற்றுக்கும் சாவியும் நோட்டும் பன்னிரண்டு வருஷமாக என்னிடம்தான். யார் வந்து கேட்டாலும் சும்மா கொடுப்போம். தேவை முடிந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

அவள் கையில் ஒரு நூலை அளந்து அறுத்துக் கொண்டுவந்திருந்தாள். "இதுதாங்க்கா எங்க வீட்டு நடை அகலம். இதுக்குள்ள போற மாதிரி ஒரு நாற்காலி வேணும்."

டேப்பில் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று அங்குலம். அவள் அம்மா பேச்சியம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். பின்னறையில் படுக்கை.

"வாசல பாத்து நாப்பது நாளாச்சுக்கா. தெருவுல ஒரு சத்தம் கேட்டா போதும், 'யாருட்டி அது, யாருட்டி அது'ன்னு எங்க உசுர வாங்குதாவ."

நம்மிடம் மொத்தம் ஒன்பது நாற்காலி. அதில் எட்டு, இருபத்தைந்து இருபத்தாறு அங்குல அகலம். ஏழாம் எண் மட்டும் இருபத்தொன்று.

"குறுகலா ஒண்ணு இருக்கும்மா. ஆனா அது பழுதா கெடக்கு" என்றேன்.

நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. பதினாலாம் தேதி சங்கத்து ஆண்டு விழா, அதற்கப்புறம் என்னென்ன இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம், அளவும் போட்டிருப்பேன் என்று சொல்லித் துண்டுச்சீட்டு ஒன்று கொடுத்தேன். நூலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் சுண்டைக்காய் வற்றல் குழம்பு.

செப்டம்பர் 2, செவ்வாய்

பாத்திரம் கழுவி, இவர் கண்ணயர்ந்த பிறகு எனக்கு இரண்டு முதல் நாலு வரை. பின்னறையில் என் நாற்காலியில் பிரேக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் மனசு ஓடுகிறது. பழகிவிட்டது.

நோட்டில் உள்ளதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது. இப்போது அதை வலைப்பக்கத்தில் தெரிய வைக்க வேண்டும். அதற்குத் தங்கச்சி பியூலாவின் தடிக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் ஒரு அதிகாரமே இருக்கிறது. அவள் படித்து பென்சிலால் கோடு போட்டது நூற்றெண்பதாம் பக்கம்வரை. நான் இருநூற்றுப் பத்தில் இருக்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மூன்று தடவை வாசித்தால் பாதி புரியும், ஜெபம் பண்ணிவிட்டு நாலாந்தடவை வாசித்தால் மீதி.

புரிந்தது இது. விவரங்களை வைத்திருக்கும் துண்டு நிரலுக்கு 'பீன்' என்று பேர். பக்கம் வேறு, பீன் வேறு. ஒன்றுக்கு ஒன்று முகம் தெரியாது. பீனின் தலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அடையாளம் வைத்தால் போதும். பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு முள்குறி (#) போட்டு அடைப்புக்குள் கேட்டால், நடுவில் இருக்கும் கன்டெய்னர் அந்தப் பீனைத் தேடிப் பிடித்து, இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கி, விவரத்தை வாங்கித் தந்துவிடும். பெயர் வைக்காத பீன் உள்ளே எவ்வளவு வேலை செய்தாலும் பக்கத்துக்கு அது இல்லாத மாதிரிதான்.

இவரிடம் சொன்னேன். "பீன்னா பீன்ஸா?" என்றார்.

"ஆமா. கன்டெய்னர்ல போட்டு வச்சிருக்கு."

"அப்ப நாளைக்குப் பொரியல் வையி."

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்து லேபில் குடுவை கழுவிவைத்த மனுஷன், இந்தப் பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

பீன்ஸ் பொரியல் வைத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

உபவாச ஜெபம் முடிந்து வரும் வழியில் சங்கத் தலைவி எமிமா அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏளா ஹெலன், ஞாயித்துக்கெழம நம்ம சபை அய்யர் முன்னால தெரை போட்டுக் காட்டணும்னு சொல்லிட்டேன். வருமா வராதா?"

"வரும்க்கா."

"வரலன்னா சொல்லிரு. நோட்டே போதும், நோட்டு என்ன கரண்டு இல்லன்னா நின்னா போயிரும்?"

நோட்டின் மேல் எனக்கும் குறை இல்லை. ஆனால் வாரத்துக்கு நாலுபேர் பஸ் ஏறி வந்து, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெயிலில் வந்தவர்களுக்கு நான் மோர்தான் கொடுக்க முடிகிறது.

எதைத் திறப்பது, எதை மூடுவது என்று இன்று முடிவு பண்ணினேன். பீனுக்குள் இருப்பதெல்லாம் தானாகப் பக்கத்துக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு வாசல் வைக்க வேண்டும். பொருள், அகலம், இருக்கிறதா வெளியே இருக்கிறதா பழுதா, அந்த நிலையில் எத்தனை நாள், இவற்றுக்கு வாசல் வைத்தேன். வாங்கிப்போனவர் பெயர், தெரு, போன் எண் எதற்கும் வாசல் கிடையாது. எந்த வீட்டில் யார் படுக்கையில் என்பது ஊருக்கு எதற்கு?

நோட்டில் குறிப்புப் பகுதி என்று ஒன்று உண்டு. அதற்கும் வைக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பக்கம் வந்தது. தலைப்பு வந்தது. கோடு போட்ட கட்டம் வந்தது. கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் திருத்தலாம். அதுவும் சொல்லவில்லை. இவரிடம் பேச்சுவார்த்தை இல்லாத நாளில் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொள்வாரே, அந்த மாதிரி ஒரு அமைதி.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் வெறுங்கட்டம்.

அந்தப் பீன் தானாக நோட்டைத் தேடி ஓடாது. இன்னது வேண்டும் என்று அடையாளம் போட்டுவிட்டால் கன்டெய்னரே கொண்டுவந்து கையில் வைக்கும். அது சரியாகத்தான் நடக்கிறது, சோதித்துப் பார்த்தேன். விவரம் உள்ளே வந்துவிட்டது. பக்கத்துக்குத்தான் போகவில்லை. ஆண்டவரே, எங்கே தவறினேன் என்று காட்டும்.

அரிசி மாவு அரைத்தது இரண்டு படி. கறிவேப்பிலைச் செடியில் பூச்சி.

செப்டம்பர் 10, புதன்

காட்டினார்!

சின்ன விஷயம், ஆனால் எழுதி வைக்க வேண்டும். பீனுக்கு ஏதாவது பெயர் வைக்க வேண்டுமே என்று தங்கச்சி பெயரைத்தான் வைத்திருந்தேன். இனிஷியலோடு: JBeula. நாம் தனியாக ஒரு பெயரைச் சொல்லாவிட்டால், முதல் எழுத்தை மட்டும் சின்ன எழுத்தாக்கிக் கன்டெய்னரே பெயர் வைத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பிப் பக்கத்தில் jBeula என்று கூப்பிட்டேன். வரவில்லை.

இன்று தோசைக்கு வெங்காயம் நறுக்கும்போது தோன்றியது. உடனே போய் இனிஷியலை எடுத்துவிட்டு வெறும் பெயரை வைத்துப் பார்த்தேன். கட்டம் நிறைந்துவிட்டது! ஒன்பது நாற்காலி, பதினாலு வாக்கர், ஐந்து மெத்தை. அப்புறம் தேடிப் படித்ததில், முதல் இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தால் கன்டெய்னர் பெயரைத் தொடாதாம், அப்படியே விட்டுவிடுமாம். வெள்ளைக்காரனுக்கு முதலில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் அது ஏதோ சுருக்கப் பெயர். அப்பா பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற ஜனங்கள் நாங்கள் என்று அதற்குத் தெரியுமா?

இனிஷியல் இல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் பியூலா விடமாட்டாள். மருந்துச்சீட்டில் யாராவது வெறும் பியூலா என்று எழுதினால் திருப்பி அனுப்புவாள். "ஒனக்கு கல்யாணத்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு இனிஷியல் கெடச்சிட்டு. எனக்கு இருக்கதே ஒண்ணு. அதையும் முழுங்குனா எப்டிக்கா?"

ஆகவே நானே பெயரைச் சொல்லி எழுதிவிட்டேன். நாம் வாயால் சொன்ன பெயரைக் கன்டெய்னர் எழுத்துக்கூட மாற்றாது. ஜெ. பியூலா, ஜெ. பியூலாவாகவே இருக்கிறாள்.

சாயங்காலம் கேசரி. "என்ன விசேஷம்?" என்றார் இவர். இனிஷியல் என்றேன். இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

கடைசிப் பகுதியும் முடிந்தது. எத்தனை நாள் என்று கணக்குப் போடும் வேலை. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பொருள் ஒரே வீட்டில் இருந்தால் நான் போன் போட்டு விசாரிக்க வேண்டும், அதற்காக வைத்தது. நோட்டில் உள்ள தேதியை எடுத்து இன்றைய தேதியிலிருந்து கழித்து பீன் சொல்லும், பக்கம் காட்டும்.

வரிசையாகச் சரிபார்த்தேன். ஒன்று, இருக்கிறது, பன்னிரண்டு நாள். இரண்டு, வெளியே, எழுபத்தேழு நாள். ஏழில்,

சக்கர நாற்காலி. 21 அங்குலம். பழுது. 863 நாள்.

விரல்விட்டு எண்ணினேன், காலண்டரை வைத்து எண்ணினேன். கணக்கு சரி. இரண்டு வருஷத்துக்கு முந்தின மே மூன்றாம் தேதி என்று நோட்டில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அன்றைக்குப் பியூலாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து, வீட்டைக் கழுவிவிட்டு, முதல் வேலையாக அதை எழுதினேன்.

தேதியாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இப்படி எண்ணாக வந்து நிற்கிறது.

நாலு மணிக்கு முன்னமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிரேக் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி நல்ல நாற்காலி.

செப்டம்பர் 13, சனி

காலையில் ஒரு வரி சேர்த்தேன். ஏழாம் எண் வந்தால் தாண்டிப் போ என்று. பழுதான பொருளைக் காட்டி என்ன பிரயோஜனம்?

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, லேபில் சாமான் சரிபார்க்கிற மாதிரி விரல்வைத்து எண்ணினார்.

"ஆறுக்கு அப்புறம் எட்டா? ஏழு எங்க போச்சு?"

"டைப் பண்ணதுல விட்ருச்சு."

"ம்" என்றார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். காப்பி கேட்டார்.

கோமதி விட்டுப்போன நூல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே பிடித்துப் பார்த்ததும் உண்மை. இரண்டு அங்குலம் மிச்சம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று திருவிருந்து ஆராதனை. தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன், சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தேன், திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய் அந்த ஒரு வரியை எடுத்தேன். அப்படியே போய் முழங்கால்படியிட்டு அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது. எடுத்த பிறகுதான் சேலை கட்டினேன். கத்தரிப்பூ நிறம், வெள்ளைக் கரை.

விழாவில் திரையில் பக்கம் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அய்யர் சுருக்கமாக ஜெபித்தார். எமிமா அக்கா மைக்கைப் பிடித்து, "நம்ம ஹெலன் பாக்கியநாதன் எட்டாங்கிளாஸ்தான். ஆனா இந்த வேலைய வெளிய குடுத்திருந்தா ஆறு மாசம் இழுத்திருப்பான்" என்றாள். பத்தாங்கிளாஸ். வீட்டுக்கு வந்து இவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் ஏழாம் வரியைப் பார்த்திருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிய கிருபை.

பிரியாணி நன்றாக இருந்தது. தயிர்ப் பச்சடி பற்றவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

துணி ஊறப்போட்ட நேரம் போன்.

"அக்கா, வணக்கம். நான் ஆவுடையப்பன் பேசுதேன். கோமதி அப்பா."

வணக்கம் சொன்னேன்.

"பிள்ள போன்ல காட்டுச்சு. எல்லாம் சுத்தமா தெரியுது. ஏழாம் நம்பரு, இருபத்தொரு இஞ்சு, பழுதுன்னு போட்டிருக்கே. என்ன பழுதுக்கா?"

"ஓடாது" என்றேன்.

"டயரா, பேரிங்கா?"

"தெரியலய்யா."

"அப்பம் வுடுங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன். நமக்கு சைக்கிள் கடதான்க்கா, முப்பது வருசமா. எண்ணூத்திச் சொச்சம் நாளா எவனும் தொடாம போட்டு வச்சிருக்கானுவளே, பாவம். ஸ்போக்கு, கோனு, குண்டு எல்லாம் கையில எடுத்துட்டு வாரேன். நீங்க யாரையும் தேடாண்டாம். நாளைக்குக் காலையில."

அவர் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு பொம்பளைக் குரல், "யாருங்க அது, யாருங்க?" அதுதான் பேச்சியம்மாள் போல.

துணியை மூன்று தடவை அலசினேன்.

பத்து மணிக்கு எமிமா அக்கா வீட்டுக்குப் போய் முறுக்குப் பிழிய உதவினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். "அச்ச மாத்துளா, தேன்குழல் போதும்" என்றாள். மாற்றினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலை ஜெபத்துக்குப் பின் பின்னறையில் என் நாற்காலியிலிருந்து மெத்தையை எடுத்தேன். லேப்டாப் சார்ஜர் கைப்பிடியில் சுற்றியிருந்தது, அதையும். முன்வாசலில் கொண்டு நிறுத்தினேன். அறையிலிருந்து வாசல்வரை சத்தமில்லாமல் உருண்டு வந்தது. பழுது என்று சொன்ன வாய்க்கு அது ஒரு குட்டு.

ஒன்பதரைக்கு ஆவுடையப்பன் வந்தார். சாக்குப் பையில் ஸ்பானர், பம்ப், எண்ணெய்க் குப்பி. ஒல்லியான மனுஷர், காதோரம் பென்சில். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிட்டு, காது கொடுத்துக் கேட்டார். நிறுத்தினார். மறுபடி சுற்றினார். பிரேக்கைப் போட்டு எடுத்தார். டயரை நகத்தால் அழுத்தினார்.

"காத்து கூட நிக்கே" என்றார், தனக்குள் சொல்கிற மாதிரி.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் உள்ளே பேப்பர் படிக்கிறார், பக்கம் திரும்புகிற சத்தம் இல்லை.

அவர் நாற்காலியை நிமிர்த்தினார். இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழியைப் பார்த்தார். இடது கைப்பிடியில் நான் சுற்றிவைத்த பூப்போட்ட துணியைப் பார்த்தார். முதுகுப்பக்கம் திருப்பினார். அங்கே பியூலா நகப்பூச்சால் எழுதியது இருக்கிறது, ஜெ. பியூலா என்று. அதையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன்.

"ஒருவேள எண்ணெய்தான் இல்லயோ என்னமோ" என்றேன்.

அவர் குனிந்து குப்பியை எடுத்தார்.

"ஆமாக்கா. எண்ணெய்தான் இல்ல" என்றார். இந்தப் பக்கம் மூன்று சொட்டு, அந்தப் பக்கம் மூன்று சொட்டு. கந்தலால் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "எண்ணெய் இல்லாம கெடந்தா எந்த வண்டியும் ஓடாதுல்லா?"

காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, முதுகுப்பக்கத்தைக் காட்டி, "இந்தப் பேரு இருக்கட்டுமா, தின்னர் போட்டு எடுத்துரட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும். இனிஷியலையும் சுரண்டிராதீங்க."

"சேச்சே. யாரு இவுக?"

"என் தங்கச்சி. பதினோரு வருஷம் இதுலதான் இருந்தா. எங்கூடத்தான்."

அவர் தலையை ஆட்டினார். கிளம்பும்போது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. டிரைசைக்கிள் கொண்டுவந்திருந்தார். அதில் தூக்கிவைத்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அடியில் கொடுத்துக் கட்டினார், உராயாமல்.

மேசை இழுப்பறையிலிருந்து நூலை எடுத்துக் கொடுத்தேன். "கோமதி விட்டுட்டுப் போயிட்டா."

செப்டம்பர் 16, மறுபடியும்

ஒன்று எழுத விட்டுப்போயிற்று.

நோட்டில் அழிப்பான் போடுவது என் வழக்கம் இல்லை. தப்பாக எழுதியதை ஒற்றைக் கோடால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும்.

ஏழாம் எண்ணின் வரியில் பழுது என்பதை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'என்னிடம் இருந்தது.' கீழே ப. ஹெலன்.

பிறகு மதியம் வழக்கம்போல் பின்னறைக்குப் போய்விட்டேன். உட்கார இடம் இல்லை என்று அங்கே போன பிறகுதான் உறைத்தது. ஜன்னலில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். இவர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் அந்தப் பழைய மெத்தையை வைத்து, கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுக்கு பிரேக் கெடையாது, பாத்து ஒக்காரு" என்றார்.

சிரித்துவிட்டேன். அழுததும் உண்டு, கொஞ்சம்.

உட்கார்ந்து விவரத்தை மாற்றினேன். ஒவ்வொருமுறை யாராவது பக்கத்தைத் திறக்கும்போதும் பீன் புதிதாகப் பிறந்து, கேட்டதைச் சொல்லிவிட்டு மறைந்துபோகும்படி வைத்திருக்கிறேன், அதனால் பழைய பதிலைச் சொல்ல அதற்கு வழியில்லை. திறந்தேன்.

சக்கர நாற்காலி. 21 அங்குலம். வெளியே. 0 நாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து இவர் நேர்வழியை விட்டு மார்க்கெட் வழியாகப் போகலாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. முருங்கைக்காய் வாங்க வேண்டும் என்று நானும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

சைக்கிள் கடை திறந்திருந்தது. வாசலில் நிழலில் ஏழாம் எண். அதில் நல்ல வாட்டசாட்டமாக ஒரு அம்மாள், தலையில் பிச்சிப்பூ, மடியில் முறம், முறத்தில் சின்ன வெங்காயம். தெருவில் போகிற ஒருவரையும் விடவில்லை.

"ஏ தங்கம், ஒம் மருமவ வந்துட்டாளா? ஏல, சட்டப் பொத்தானப் போடுல! என்ன மாமா, கூட்டத்துக்கா?"

எங்களையும் பிடித்துக்கொண்டாள். "யாரும்மா நீங்க, புதுசா இருக்கு? வெள்ளச்சேல, சர்ச்சுக்கா போயிட்டு வாரிய?"

ஆவுடையப்பன் உள்ளிருந்து எட்டிப்பார்த்து வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"ஆமாம்மா. நல்லா இருக்கீயளா?"

"நல்லா இருக்கேன். இந்தா வண்டி கெடச்சிட்டுல்லா?" என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள். பூப்போட்ட துணி அப்படியே இருந்தது. "பேரு கூட போட்டிருக்கு பாருங்க பின்னால. ஜெ. பியூலா. நான் இவுகள்ட்ட சொல்லிட்டேன், வண்டிக்கு பேரு அதுதான்னு. காலைல எந்திரிச்சா, 'ஏ ஜெ. பியூலா, வா தெருவுக்கு'ன்னுதான் கூப்புடுதேன்."

இனிஷியலோடுதான் சொன்னாள்.

முருங்கைக்காய் பிஞ்சாகக் கிடைத்தது, ஆறு. சாம்பார் வைத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.